கல்லைப் புரட்டாமல்

பார்ப்பதில் என்ன தப்பு? பறிக்கவில்லை, கொல்லவில்லை, வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வரவில்லை. சும்மா பாத்துட்டு வர்றோம், அவ்வளவுதானே? வட கரோலினாவின் மலையோடைகளில் ஹெல்பெண்டரைத் தேடிப் போகும்போது, இந்தக் கேள்வி நினைத்த அளவுக்கு எளிதாக இல்லை.

ஹெல்பெண்டர் ஒரு சாலமாண்டர். தட்டையான பெரிய பல்லி மாதிரி இருக்கும், ஆனால் தவளைக்குத்தான் நெருங்கிய சொந்தம். இரண்டடி வரை வளரும். பெரும்பாலும் தோல் வழியாகவே மூச்சுவிடுவதால், குளிர்ந்து தெளிந்து வேகமாக ஓடும் தண்ணீர் அதற்கு வேண்டும். பகலெல்லாம் ஒரு பெரிய தட்டைக்கல்லின் அடியில் கிடக்கும். இலையுதிர் காலத்தில் அப்படியொரு கல்லுக்கடியில்தான் பெண் முட்டையிடும். பிறகு ஆண் அங்கேயே இருந்து காவல் காக்கும்.

ஆகவே அதைப் பார்க்க எளிய வழி, கல்லைத் தூக்குவது. அந்தக் கல்தான் அதன் வீடு. திருப்பி வைத்தாலும் பழையபடி உட்காராது. இடுக்குகள் மாறிவிடும், வண்டல் புகுந்துவிடும், முட்டைகள் ஓடையோடு போய்விடலாம், கை நழுவினால் உயிரே நசுங்கலாம். ‘நான் ஒருத்தன், ஒரே ஒரு கல்’ என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். அந்த ஓடைக்கு வரும் ஒவ்வொருவரும் அதையேதான் சொல்வார்கள்.

இதற்கு வலுவான ஒரு மறுப்பு உண்டு. பார்க்காமல் பிரியம் வராது, பிரியமில்லாமல் யாரும் எதையும் காப்பாற்ற மாட்டார்கள். ஆய்வாளர்களும் கல்லைத் தூக்கித்தானே எண்ணினார்கள்? 2024 டிசம்பரில் அமெரிக்க அரசு கிழக்கு ஹெல்பெண்டரை அழியும் நிலையிலுள்ள உயிரினமாக அறிவிக்க முன்மொழிந்ததற்குப் பின்னால் அந்தக் கணக்கெடுப்புகளும் இருக்கின்றன. உண்மைதான். ஆனால் அங்கே கல்லைத் தூக்கியதன் பலனில் அந்த உயிருக்கும் ஒரு பங்கு போகிறது. நான் தூக்கினால் எனக்கு ஒரு போட்டோ, நண்பர்களிடம் சொல்ல ஒரு கதை. செலவு முழுக்க அதனுடையது.

போட்டோவும் சும்மா இருப்பதில்லை. லாவோஸில் ஒரு நீர்ச் சாலமாண்டரை 2002இல் அறிவியல் உலகம் முதன்முதலாக விவரித்தது. அந்தக் கட்டுரையையே வழிகாட்டியாக வைத்துக்கொண்டு, செல்லப்பிராணி வியாபாரத்துக்காக அதைப் பிடிக்க ஆட்கள் கிளம்பினார்கள். அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் துல்லியமான இடத்தை ஐநேச்சுரலிஸ்ட் தளம் மறைத்துக் காட்டுவது இதனால்தான். லொகேஷனை வெறும் இரண்டு எண்களாகப் பார்த்துப் பழகிய மென்பொருள்காரன் நான். இங்கே அந்த இரண்டு எண்களும் ஒரு வீட்டின் சாவி.

இப்போது இன்னொரு வழியும் இருக்கிறது. ஓடையிலிருந்து கொஞ்சம் தண்ணீரை எடுத்து வடிகட்டினால், அதில் கலந்திருக்கும் டிஎன்ஏவை வைத்தே ஹெல்பெண்டர் அங்கே இருக்கிறதா என்று கண்டுபிடித்துவிடலாம். ஒரு கல்லும் அசையாது. ‘இருக்கு’ என்பது மட்டும் தெரியும்.

அது போதுமா என்பதுதான் இப்போது என்னை நோக்கித் திரும்பும் கேள்வி. அது இருக்க வேண்டும் என்பது என் ஆசையா, இல்லை, ‘நான் பார்த்தேன்’ என்று சொல்ல வேண்டும் என்பதா? முதலாவதுதான் என்றால் அந்த ஒரு சொல் போதும். போதவில்லை என்றால், நான் தேடிப் போனது ஹெல்பெண்டரை அல்ல.

கரையில் நின்று, தண்ணீருக்குள் தெரிகிற வரைக்கும் பார்க்கலாம். முட்டையிடும் பருவத்தில் சில சமயம் அது பகலிலேயே வெளியே வரும். வராமலும் போகும். வராத நாளில் ஏமாற்றமாகத்தான் இருக்கிறது. அந்த ஏமாற்றத்தை நாமே வைத்துக்கொள்ளலாம். அதன் தலையில் சுமத்த வேண்டாம்.