பிறன் தேவைக்கு விலை போடலாமா?

பதுளையிலிருந்து கொழும்பு புகையிரத வழியே ஏறத்தாழ 290 கிலோமீற்றர். 1924ஆம் ஆண்டு புகையிரதப் பாதை பதுளையை எட்டியது. மலைநாட்டுத் தேயிலை துறைமுகத்தை அடைய அது பேருதவி புரிந்தது. இன்று பசறை, லுணுகலை, நமுனுகுலை, தெமோதரை, ஹப்புத்தளை, கொஸ்லந்தைத் தோட்டங்களிலிருந்து தேயிலையைக் காட்டிலும் பெறுமதி வாய்ந்த செல்வம் தலைநகருக்கு இறங்கிக்கொண்டிருக்கின்றது. நம் பிள்ளைகள் போகிறார்கள். புறக்கோட்டைக் கடைகளுக்கும், உணவகங்களுக்கும், கட்டட வேலைக்கும், 1978இல் தொடங்கிய கட்டுநாயக்க வர்த்தக வலயத்தின் ஆடைத் தொழிற்சாலைகளுக்கும் போகிறார்கள். வேலை எப்படியோ கிடைத்துவிடுகின்றது. அதன் பின் எழும் முதற் கேள்வி, எங்கே தங்குவது? அடுத்த கேள்வி, எங்கே மலிவு?

இதற்கு ஊரில் ஆளுக்கொரு விடை சொல்வார்கள். கொட்டாஞ்சேனையில் கோயிலும் உண்டு, நம் மொழி பேசுவோரும் உண்டு, ஆனால் அறை கிடைப்பது கடினம் என்பார் ஒருவர். மட்டக்குளிக்குப் போ, வத்தளைக்குப் போ என்பார் இன்னொருவர். ராகமையிலோ கம்பஹாவிலோ தங்கி, சீசன் டிக்கட்டில் வந்து போகலாம் என்பார் மூன்றாமவர். எல்லாம் நல்லெண்ணத்தோடு சொல்லப்படுபவையே. எனினும், வாசகரே, இந்த விடைகளுக்கு அடியில் வேறொரு கேள்வி கிடக்கின்றது. ஓரிடத்தில் வாடகை குறையும்போது, அந்தக் குறைவை ஈடு செய்கிறவர் யார்? ஓரிடத்தில் வாடகை ஏறும்போது, அந்த ஏற்றத்தில் நியாயம் எவ்வளவு, அநியாயம் எவ்வளவு? இது பணக் கணக்கு மாத்திரமன்று, மனச்சாட்சியின் கணக்குமாகும்.

முதலில் மலிவைப் பார்ப்போம். தொலைவில் உள்ள அறை மலிவு என்று எடுக்கிறான் ஒரு பையன். போகவும் வரவும் நாளொன்றுக்கு இரண்டு மணித்தியாலம் கூடுதலாகச் செலவாகின்றது என்று வைத்துக்கொள்ளுங்கள். மாதம் 26 நாள் வேலையென்றால் 52 மணித்தியாலம். கடை, அலுவலக ஊழியருக்கென 1954இல் வந்த சட்டம் ஒரு கிழமைக்கு விதித்த வேலை நேரமே 45 மணித்தியாலந்தான். ஆக, மாதத்தில் ஒரு கிழமைக்கும் மேலான உழைப்பை அவன் பஸ்ஸிலும் ரயிலிலும் நின்றபடி கொடுத்துவிடுகிறான். நித்திரையும், இரவு வகுப்பும், ஞாயிறு பூசையும் அந்தக் கணக்கிலிருந்தே கழிகின்றன.

நேரத்தை மட்டுமா கொடுக்கிறார்கள்? 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆம் திகதி காலை, நமது மாகாணத்திலேயே, கொஸ்லந்தை மீரியபெத்தத் தோட்டத்தின் லயங்கள் மண்சரிவில் புதையுண்டன. பலரது உடல்கள் கூடக் கிடைக்கவில்லை. அந்தச் சரிவு ஆபத்தானது என்பது முன்னரே எச்சரிக்கப்பட்டிருந்தது. 2017 ஏப்ரல் 14ஆம் திகதி, புத்தாண்டும் பெரிய வெள்ளியும் ஒன்றாய் வந்த அந்நாளில், கொழும்பை அடுத்த மீதொட்டமுல்லவில் குப்பைமேடு சரிந்து வீடுகளை மூடியது. 30க்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஒன்று மலைத் தோட்டம், மற்றது மாநகரின் ஓரம். இரண்டிலும் மாண்டவர்கள் அந்த இடத்தை விரும்பித் தெரிந்தவர்களா? வேறிடத்துக்குப் போக வசதியில்லாதவனுக்கு ஆபத்தான நிலந்தான் மிஞ்சுகின்றது. அங்கே குறைந்த வாடகையின் மிகுதியை அவன் தன் உயிரால் கட்டுகிறான்.

இன்னுமொரு மலிவு உண்டு. அதை நாம் மிக நன்றாக அறிவோம். தோட்டத்தில் லயக் காம்பரா இலவசந்தானே, அதை விட்டுவிட்டு ஏன் கொழும்பில் வாடகை கொடுத்துத் திண்டாட வேண்டும் என்று சிலர் கேட்கிறார்கள். இலவசமா? பத்தடிக்குப் பன்னிரண்டடி அறைக்கு நம் முன்னோர் வாடகை கொடுக்கவில்லை என்பது உண்மை. ஆனால் அந்த அறை வேலையோடு கட்டுண்டிருந்தது. செக்ரோலில் பெயர் இருக்கும் மட்டும் கூரை இருந்தது. இருந்த இடம் தனக்குச் சொந்தமென்று சொல்ல இயலாமற் தலைமுறைகள் கழிந்தன. 1948ஆம் ஆண்டுச் சட்டம் குடியுரிமையையே மறுத்தபோது நாடே ஒரு வாடகை அறை போலாயிற்று. எனவே, ஓர் இளைஞன் தான் வாழும் இடத்தைத் தானே தெரிந்துகொள்ளப் புறப்படுவதைத் திமிர் என்று யாரும் கூறலாகாது. மனித மாண்பைத் தேடும் பயணம் அது.

இனி வாடகைக்கு வருவோம். ஓர் அறைக்கு மாதம் 15,000 ரூபா என்று எடுத்துக்கொள்வோம். 2024ஆம் ஆண்டு தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டது. அந்தச் சம்பளக் கணக்கில் வாடகை பதினொரு நாட் கொழுந்து. மூன்று மாத முற்பணம் கேட்டால் 45,000 ரூபா. அது முப்பத்துமூன்று நாட் கொழுந்து. மகன் கொழும்பில் ஒரு கதவைத் திறக்கத் தாய் மலையில் ஒரு மாதத்துக்கும் மேலாகக் கூடை சுமக்க வேண்டும். இதை அறை வைத்திருப்பவர் அறியமாட்டார். அறிய வேண்டும் என்பதே நம் வாதம்.

ஒரு பொருளை அதன் பெறுமதிக்கு மேல் விற்கலாமா என்ற கேள்வியைப் பதின்மூன்றாம் நூற்றாண்டிலேயே புனித தோமஸ் அக்குவைனாஸ் எடுத்து ஆராய்ந்தார். அவர் கண்ட முடிவு எளிமையானது, ஆழமானது. ஒரு பொருளைக் கைவிடுவதால் விற்பவனுக்கு நட்டம் உண்டாகுமானால், அந்த நட்டத்தையும் விலையிற் சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் விற்பவனுக்கு நட்டமொன்றுமில்லை, வாங்குபவனுடைய தேவை மாத்திரம் பெரிது என்றால், அதற்காக விலையை உயர்த்தலாகாது. ஏன்? அந்தத் தேவை வாங்குபவனுக்கு உரியது. தனக்குச் சொந்தமில்லாத ஒன்றை எவனும் விற்க முடியாதல்லவா?

இதை ஓர் அறைக்குப் பொருத்திப் பாருங்கள். வீட்டுக்காரர் வரி கட்டுகிறார், கூரை திருத்துகிறார், தம் குடும்பத்தையும் பார்க்கிறார். 2022இல் நாட்டின் பொருளாதாரம் சரிந்தபோது, அந்த ஆண்டு செப்டெம்பரில் பணவீக்கம் 70 சதவீதத்தை நெருங்கியது. சீமெந்தும் மின்சாரமும் அவருக்கும்தான் ஏறின. இவற்றுக்காக வாடகை உயர்ந்தால் அது நீதி. ஆனால், “இந்தப் பெட்டைக்கு நாளை வேலையிற் சேர வேண்டும், இருட்டிவிட்டது, வேறு போக்கிடமில்லை, ஆகவே இன்னும் மூவாயிரம் கேட்கலாம்” என்று ஒருவர் நினைக்கும் அந்தக் கணத்தில் அவர் அறையை வாடகைக்கு விடவில்லை. அவளுடைய கதியற்ற நிலையை அவளுக்கே விற்கிறார்.

மறுப்புக்கு இடமுண்டு. சந்தை விலை எதுவோ அதை வாங்குகிறேன், நானா நிர்ணயித்தேன் என்பார் வீட்டுக்காரர். இதில் ஓரளவு உண்மை இருக்கின்றது. ஓர் அறை வாடகையில் மருந்து வாங்கி வாழும் கைம்பெண்ணைப் பெரும் சொத்துக்காரரோடு சேர்த்துக் குற்றஞ்சாட்டுவது அநீதி. திருச்சபை தனியுடைமையை மறுக்கவுமில்லை. ஆயினும், உலகின் பொருட்கள் யாவும் எல்லா மனிதருக்குமாகப் படைக்கப்பட்டவை என்ற போதனைக்கு உட்பட்டே அவ்வுரிமை நிற்கின்றது. சந்தை ஒரு விலையைக் காட்டலாம். அதைக் கேட்கும் வாய் நம்முடையது. அதற்கான பொறுப்பும் நம்முடையதே.

அப்படியானால் அரசாங்கம் சட்டம் போடட்டுமே என்பீர்கள். போட்டது. 1972ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் வந்தது. அடுத்த ஆண்டு வீடுகளுக்கு உச்சவரம்பு வந்தது. பலருக்கு அது பாதுகாப்பளித்தது. ஆனால் குடியேறியவரை எழுப்ப முடியாதென்று அஞ்சி வீட்டைப் பூட்டி வைத்தவர்களும் உண்டு. சட்டம் வேண்டும். ஆனால் பூட்டிய கதவைத் திறக்கச் சட்டத்தால் மட்டும் ஆவதில்லை.

வீடற்றோருக்கான சர்வதேச ஆண்டாக 1987ஐ ஐக்கிய நாடுகள் சபை பிரகடனம் செய்தது. அந்த யோசனையை அங்கே முன்வைத்தது நம் நாடே, அப்போதைய பிரதமர் ஆர். பிரேமதாசவின் வாயிலாக. அவ்வாண்டின் இறுதியில், பாப்பரசரின் நீதி, சமாதான ஆணைக்குழு ஓர் ஏட்டை வெளியிட்டது. வீடற்ற உன் சகோதரனுக்கு நீ என்ன செய்தாய் என்பது அதன் தலைப்பு. வீடு ஓர் அடிப்படைச் சமூக நன்மை, வெறும் சந்தைப் பண்டமாக மட்டும் அதைக் கருதலாகாது என்று அது போதித்தது. காயீனிடம் இறைவன் கேட்ட கேள்வியின் எதிரொலி அத்தலைப்பில் கேட்கின்றதன்றோ?

வாடகைக்கு இருப்பவனின் நிலை எத்தனை பலவீனமானது என்பதற்கு நம் நாட்டிலேயே சாட்சி உண்டு. 2007 ஜூன் 7ஆம் திகதி கொழும்பு விடுதிகளில் தங்கியிருந்த தமிழர் நூற்றுக்கணக்கானோர் பஸ்களில் ஏற்றப்பட்டு வெளியேற்றப்பட்டனர். மறுநாள் உயர் நீதிமன்றம் அதைத் தடுத்தது. போர் 2009இல் முடிந்தது. ஆனால் ஊர் எது, பெயர் எது என்று கேட்டபின் அறை இல்லையென்று கைவிரிக்கும் சந்தேகம், எல்லா இனத்தவர் நடுவிலும், இன்னும் முற்றாக முடியவில்லை.

நல்ல சமாரியன் உவமையில் நாம் குருவைப் பற்றிப் பேசுவோம், லேவியனைப் பற்றிப் பேசுவோம், சமாரியனைப் போற்றுவோம். சத்திரக்காரனை மறந்துவிடுவோம். அவன் அறையை இனாமாகக் கொடுக்கவில்லை. இரண்டு தெனாரியம் வாங்கிக்கொண்டான். ஆனால் அடிபட்டவனின் ஊரைக் கேட்டதாக உவமையில் இல்லை. அவனுடைய காயத்தைப் பார்த்து விலையை ஏற்றியதாகவும் இல்லை. மிகுதியைத் திரும்பி வரும்போது தருகிறேன் என்ற ஓர் அந்நியனுடைய வாக்கை நம்பினான். வீட்டுக்காரர் எல்லாரும் சமாரியனாக வேண்டுமென்று நாம் கேட்கவில்லை. அந்தச் சத்திரக்காரனைப் போலிருந்தாற் போதும்.

இவ்வளவும் பிறருக்கென்று நினைத்துவிடாதீர்கள். நம் தோட்டங்களிலிருந்து முன்னே போய், இன்று வத்தளையிலோ கொட்டாஞ்சேனையிலோ வீடு வைத்திருக்கும் வாசகரே, உங்களையே முக்கியமாகக் கேட்கிறோம். ஊரிலிருந்து வரும் பிள்ளை உங்களை அண்ணா என்றும் மாமா என்றும் அழைத்து வாசலில் நிற்கும்போது, மூவர் தங்கும் அறையில் எண்மரை அடைத்து, தலைக்கு இவ்வளவு என்று வாங்குவது தகுமா? துரையும் கங்காணியும் செய்ததைக் குறை கூறிய நாம், அதையே சின்ன அளவில் செய்யலாமா?

வாடகைக்குப் போகும் தம்பிமாரே, தங்கைமாரே, உங்களுக்கும் கடமையுண்டு. இருவர் என்று சொல்லிப் புகுந்து அறுவராகாதீர்கள். சொன்ன திகதியில் பணத்தைக் கொடுத்துப் பற்றுச்சீட்டு வாங்குங்கள். நீங்கள் ஒழுங்காயிருந்த அறை, உங்களுக்குப் பின்னால் வரும் பிள்ளைக்குத் திறந்திருக்கும். அறை பார்க்கும்போது வாடகையோடு பயணச் செலவையும் நேரத்தையும் கூட்டிப் பாருங்கள். மழைக்காலத்தில் அங்கே வெள்ளம் ஏறுமா, இரவில் ஒரு பெண்பிள்ளை அச்சமின்றி நடக்க முடியுமா என்று அயலவரிடம் விசாரியுங்கள்.

பங்குகளால் ஆகக்கூடிய காரியமும் ஒன்றுண்டு. பிள்ளை புறப்படும்போது பங்குத்தந்தையின் கடிதம் ஒன்று கையில் இருக்கட்டும். கொழும்புப் பக்கத்துப் பங்குகளில், நியாயமான வாடகைக்கு அறை கொடுக்க விரும்பும் குடும்பங்களின் பெயர்கள் எழுதப்பட்டிருக்கட்டும். இதற்குப் பெரும் நிதி தேவையில்லை. ஒரு கொப்பியும் நல்ல மனமும் போதும்.

பெத்லகேமில் சத்திரத்தில் இடமில்லை என்றவன் ஒருவேளை பொய் சொல்லவில்லை. கூட்டம் மிகுதியாயிருந்திருக்கலாம். ஆனால் நம்மில் பலரிடம் இடம் இருக்கின்றது. அடுத்த முறை ஒரு பிள்ளை வந்து கதவைத் தட்டும்போது, அறைக்கு என்ன விலை என்று சொல்லுங்கள், அது உங்கள் உரிமை. அந்தப் பிள்ளையின் தேவைக்கு விலை சொல்லாதீர்கள். அது உங்களுடையதல்ல.