தெரியாது என்று சொல்வது குற்றமா?

எமது ஆலயத்தில் ஆண்டுதோறும் விஜயதசமி தினத்தன்று ஏடு தொடக்கும் வைபவம் நடைபெற்று வருவதை அடியார்கள் அறிவர். தட்டிலே பரப்பிய பச்சரிசியில் பிள்ளையின் சுட்டுவிரலைப் பிடித்துக் குருக்கள் ஐயா 'அ' எழுதுவிக்கும்போது பெற்றோரின் முகத்தில் தோன்றும் மகிழ்ச்சிக்கு ஈடில்லை. ஆனால் அந்த அரிசித் தட்டுக்கும் தரம் ஐந்துப் புலமைப்பரிசில் பரீட்சைக்கும் இடையில் அப்பிள்ளைக்கு என்ன நடக்கின்றது என்பதை நாம் அதிகம் சிந்திப்பதில்லை. நானும் சிந்தித்தவன் அல்லன்.

2023 ஆம் ஆண்டு நவராத்திரிப் பண்ணிசைப் போட்டியில் நான் நடுவர்களுள் ஒருவனாக இருந்தேன். தரம் நான்கில் கற்கும் சிறுவன் ஒருவன் தேவாரப் புத்தகத்தை விரித்துப் பிடித்துக்கொண்டு அட்சரம் பிசகாமல் பாடினான். எழுந்து சென்று பார்த்தால் விரித்திருந்த பக்கத்தில் வேறொரு பதிகம். அப்பக்கத்தின் முதல் வரியை வாசிக்கச் சொன்னேன். தலையைக் குனிந்துகொண்டான். பரிசை அவனுக்கே கொடுத்தோம். பாட்டு நன்றாகத்தானே இருந்தது!

பின்னர் தனியே அழைத்து, "ஏன் தம்பி, ரீச்சரிட்டைக் கேக்கிறதுதானே?" என்றேன். "தெரியாதெண்டால் எல்லாரும் சிரிப்பினம், அப்பு" என்றான்.

2020 இல் அவன் தரம் ஒன்று. கொரோனாவினால் பாடசாலைகள் மாதக்கணக்கில் மூடிக் கிடந்த காலம். எழுத்துக்களை இனங்காணவேண்டிய வயதில் வீட்டில் இருந்தவன், வகுப்பேற்றத்தில் மாத்திரம் பின்தங்கவில்லை. கரும்பலகையைப் பார்த்து அழகாக எழுதுவான். 'கொ' என்ற எழுத்தைக் காட்டினால் 'கெர' என்பான். அரவும் ரகரமும் ஒன்றுபோல் இருந்தால் பிள்ளை வேறென்ன செய்யும்?

அவன் சொன்ன அந்த ஒரு வார்த்தை என்னை முப்பது வருடங்களுக்குப் பின்னால் இழுத்துச் சென்றது. 1990களில் நான் ஓர் அலுவலகத்தில் எழுதுவினைஞனாக இருந்தேன். நிவாரணத்துக்கு வரிசையில் நின்ற தாய் ஒருவர் படிவத்தை நீட்டி, "கண்ணாடி கொண்டு வரேல்லை ஐயா, நிரப்பித் தாங்கோ" என்றார். அடுத்த மாதமும் அதையே சொன்னார். மூன்றாம் முறை, பின்னால் நின்றவர்களுக்குக் கேட்கும்படியாக, "கைநாட்டு எண்டால் கைநாட்டு எண்டு சொல்லுங்கோவன் அம்மா" என்றேன். வேலைப்பளு, களைப்பு என்று காரணங்கள் உண்டு. அதன் பின்னர் அவர் வரவில்லை. அவரது பங்கை யாராவது பெற்றுக் கொடுத்தார்களோ என்று விசாரிக்கவும் நான் முயலவில்லை. பிறருக்குப் படிவம் நிரப்பிக் கொடுத்ததைப் புண்ணியமாக எண்ணி ஓய்வுபெற்றவன் நான். இதை எந்தக் கணக்கில் எழுதுவது?

அறியாமை ஒரு குறைதான், குற்றமன்று. அதை மறைக்கப் பழக்குவதே குற்றம் என்பது என் எண்ணம். இதை ஏற்காதோரும் உளர். "அடியாத மாடு படியாது, பயம் இல்லாமல் படிப்பு வராது" என்று எமது சபையின் மூத்த உறுப்பினர் ஒருவரே வாதிட்டார். பயத்தினால் பிள்ளை கற்பது உண்மைதான். ஆனால் எதைக் கற்கின்றது? பக்கத்துப் பிள்ளையின் கொப்பியைப் பார்க்கவும், எல்லோரும் வாயசைக்கும்போது தானும் வாயசைக்கவும் கற்கின்றது.

கணிதத்தில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். 52 இலிருந்து 27 ஐக் கழிக்கச் சொன்னேன். 35 என்று எழுதினான். கவனயீனம் என்று பிழை போட்டுவிட்டுப் போகலாம். இன்னும் நான்கு கணக்குக் கொடுத்துப் பார்த்தேன். எல்லாவற்றிலும் ஒரே மாதிரியான பிழை. பெரிய இலக்கத்திலிருந்து சிறியதைக் கழிக்கவேண்டும் என்று யாரோ சொன்னதை நம்பி, மேலா கீழா என்று பாராமல் ஏழிலிருந்து இரண்டையும், ஐந்திலிருந்து இரண்டையும் கழித்திருக்கிறான். தனக்குச் சொல்லப்பட்ட விதியை அவன் ஒழுங்காகவே பின்பற்றினான். ஐந்து பிழை அடையாளங்கள் அவனுக்கு இதைச் சொல்லியிருக்கப் போவதில்லை.

ஈர்க்கைத் துண்டு துண்டாக முறித்துப் பத்துப் பத்தாகக் கட்டிக் கொடுத்தேன். ஐந்து கட்டும் இரண்டு துண்டும். ஏழு எடு என்றதும் சற்று யோசித்து ஒரு கட்டைத் தானே அவிழ்த்தான். பன்னிரண்டில் ஏழு போக ஐந்து, நான்கு கட்டில் இரண்டு போக இரண்டு, இருபத்தைந்து. நாங்கள் இதைக் 'கடன் வாங்குதல்' என்று படித்தோம். அரசாங்கத்தில் கணக்கு எழுதியவன் என்ற முறையில் சொல்கிறேன், அது பொருத்தமான சொல் அல்ல. கடன் என்றால் திருப்பிக் கொடுக்கவேண்டும். இங்கே தன்னிடம் இருந்த பத்தைத்தான் அவிழ்க்கின்றோம்.

ஆசிரியர்களைக் குறைசொல்ல இதை எழுதவில்லை. பாடத்திட்டத்தை முடிக்கவேண்டிய நிலையில், வகுப்பு நிறைந்த பிள்ளைகளுள் ஒருவனுக்காக எவ்வளவு நேரம் நிற்க முடியும்? 1945 இல் இலவசக் கல்வி வந்தது. 1998 முதல் 14 வயது வரையும், 2016 முதல் 16 வயது வரையும் பாடசாலை செல்வது கட்டாயமாக்கப்பட்டது. பிள்ளையை வகுப்பறை வரை கொண்டுவந்து இருத்தச் சட்டத்தால் முடியும். "விளங்கேல்லை" என்று சொல்லும் துணிவைக் கொடுக்கவேண்டியவர்கள் வீட்டிலும் கோயிலிலும் இருக்கும் நாங்கள். நாங்களோ பிள்ளை வீட்டுக்கு வந்ததும் "எத்தனையாம் பிள்ளை?" என்றுதான் முதலில் கேட்கின்றோம்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் அறநெறி வகுப்பு முடிந்தபின் மண்டபத்தின் தெற்குப் பக்கத்தில் சில பிள்ளைகளுடன் அமர்கின்றேன். ஈர்க்குக் கட்டுகள் வாகனசாலை மூலையில் ஒரு பெட்டியில் இருக்கின்றன. குப்பை என்று யாரும் எறிந்துவிட வேண்டாம். அந்தச் சிறுவனும் வருகின்றான். சென்ற மாதம் வாசித்துக்கொண்டிருந்தவன் இடையில் நிறுத்தி, மற்றப் பிள்ளைகள் பார்த்திருக்கவே, "அப்பு, இது என்ன எழுத்து?" என்று கேட்டான். 'ஞை'. எனக்கும் கண்ணாடியைப் போட்டுத்தான் பார்க்கவேண்டியிருந்தது.