எத்தனை சோறு பதம்?

'ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்' என்பார்கள். பானைக்குச் சரி. உள்ளே ஒரே தண்ணீர், கீழே ஒரே தீ. கோவில்பட்டிக் கரிசல் காட்டுக்கு?

"மாட்டுல ஒரு கொம்பு நனையும், மறு கொம்பு காயும் தம்பி. எங்க மழை அப்படி" என்றார் டீக்கடையில் ஒரு பெரியவர். "ஓடைக்கு அந்தப் பக்கம் உளுந்து நல்லா வந்திருக்கு. எனக்கு விதைச்ச காசுகூட வரலை. ஊர் சராசரி சரியா இருக்குன்னு இன்ஷூரன்ஸ் கிடையாதுன்னுட்டாங்க."

2016-ல் வந்த பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தின் விதி இது: முக்கியப் பயிர் என்றால் ஒரு கிராமத்துக்குக் குறைந்தது 4 அறுவடைப் பரிசோதனை. குலுக்கலில் விழுந்த நிலத்தில் சின்னதாக ஒரு கட்டம் அளந்து, அறுத்து, எடை போடுவார்கள். அந்தச் சராசரிதான் ஊரின் விளைச்சல். அது வரம்பைத் தொட்டுவிட்டால், விளைச்சல் குறைந்ததற்கு இழப்பீடு இல்லை.

எனக்கு பி.காம். பாடம் ஞாபகம் வந்தது. ஸ்டாண்டர்டு எரர்! பயந்துவிடாதீர்கள். குலுக்கலில் வேறு 4 நிலம் விழுந்திருந்தால் சராசரி எவ்வளவு மாறியிருக்கும் என்பதற்கான அளவு, அவ்வளவுதான்.

ஒரு பேச்சுக்கு, நிலத்துக்கு நிலம் விளைச்சல் ஏக்கருக்கு 100 கிலோ கூடும் குறையும் என்று வைத்துக்கொள்வோம். 4-ன் வர்க்கமூலம் 2. 100-ஐ 2-ஆல் வகுங்கள். சராசரியே 50 கிலோ அப்படி இப்படி ஆடும். ஆட்டத்தைப் பாதியாக்க 8 கட்டம் போதாது, 16 வேண்டும். இப்போது வரம்பு 200 கிலோ, சராசரி 210 என்றால்? அந்த 10 கிலோவை நம்பி 'இல்லை' என்று சொல்லலாமா?

புள்ளியியல் மேதை மகலனோபிஸ், 1930-களில் வங்காளச் சணல் கணக்கெடுப்பில் ஒரே பகுதிக்கு இரண்டு தனித்தனிக் குழுக்களை அனுப்பினார். இரண்டு கணக்குக்கும் எவ்வளவு வித்தியாசம் என்று பார்த்தால், நம் கணக்கின் லட்சணம் தெரிந்துவிடுமே! தன் பிழையைத் தானே தேடிப் போவது, அதுதான் நேர்மை.

பிழை சில வருஷம் விவசாயிக்குச் சாதகமாகவும் விழும், மறுக்கவில்லை. ஆனால், பாதகமாக விழும் வருஷம் யார் தலையில் விடிகிறது? கணக்குப் போட்டவருக்குச் சம்பளம் குறையாது. காய்ந்த காட்டுக்காரருக்கு அடுத்த விதைப்புக்குக் கடன்.

இன்னொன்று. 16 என்ன, 100 கட்டம் அறுத்தாலும் ஊரின் சராசரிதான் துல்லியமாகும். பெரியவரின் காடு அதில் தெரியாது.

நாம் மட்டும் யோக்கியமா? நாலு பேரைப் பார்த்துவிட்டு, "அந்த ஊர்க்காரங்களே இப்படித்தான்" என்கிறோம். அடுத்த முறை அப்படி வாயெடுக்கும் முன் ஒரு நிமிஷம்... எத்தனை சோறு தொட்டுப் பார்த்தோம்?