அறிந்தவன் சொன்னால் போதுமா?

காங்கேசன்துறையிலே மூன்று வழிகள் வந்து முடிகின்றன. ஒன்று கடல்வழி, மற்றொன்று புகையிரத வழி, மூன்றாவது தரைவழி. கார்த்திகை பிறந்து வாடைக்காற்று வலுத்துவிட்டால் இம்மூன்று வழிகளும் ஒரே காற்றுக்கும் ஒரே மழைக்கும் ஆளாகின்றன. ஆனால், ஆபத்து வருகிறது என்ற செய்தி கிடைத்ததும் இம்மூன்றும் ஒரே விதமாக நடந்துகொள்வதில்லை. அந்த வேற்றுமையில் ஓர் அறநெறிக் கேள்வி அடங்கியிருக்கிறது. மாரிகாலத்தில் பயணம் செய்யும் நம் எல்லோருக்கும் உரிய கேள்வி அது.

முதலிற் கடலைப் பார்ப்போம். நாகபட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையிலான பயணிகள் கப்பற் சேவை 2023ஆம் ஆண்டு ஒக்டோபர் 14ஆம் திகதி பெருமையோடு தொடங்கிவைக்கப்பட்டது. ஒரு வாரம் முடிவதற்குள் வடகீழ்ப் பருவக்காற்றை முன்னிட்டு அது நிறுத்தப்பட்டது. மறு ஆண்டு ஓகஸ்ட் 16ஆம் திகதிதான் மீண்டும் ஓடத் தொடங்கியது. அவ்வாண்டு மாரியிலும் கப்பல் நின்றது. பயணச்சீட்டு வாங்கியவர்களுக்கு ஏமாற்றந்தான், வணிகருக்கு நட்டந்தான். ஆயினும் கடல் கொந்தளிக்கும்போது கப்பல் போகாது என்பதை எவரும் அநியாயம் என்று சொல்லவில்லை. கடலிலே ஒரு மரபு உண்டு. கப்பலுக்கு ஒரு தலைவன் இருக்கிறான். துறைமுகத்துக்கு ஓர் அதிகாரி இருக்கிறார். வானிலைச் செய்தி அவர்களிடம் வந்து சேர்ந்ததும் அது வெறுஞ் செய்தியாக நிற்பதில்லை, தீர்மானமாக மாறிவிடுகிறது.

புகையிரதத்துக்குத் தலைவனோடு கைகாட்டியும் உண்டு. கைகாட்டி விழாமல் வண்டி நகரக்கூடாது என்பது சட்டம். அந்தக் கைகாட்டி பேசாமற்போனால் என்ன நடக்கும் என்பதற்கு நமக்கு எதிர்க்கரையிலேயே ஒரு துயரச் சான்று இருக்கிறது. 1964ஆம் ஆண்டு டிசெம்பர் 22ஆம் திகதி இரவு பாம்பனிலிருந்து தனுஷ்கோடி நோக்கிச் சென்ற பயணிகள் வண்டியைப் புயலலை அடித்துச் சென்றது. நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். தனுஷ்கோடியை அண்மித்தபோது கைகாட்டி வேலை செய்யவில்லை என்றும், சற்று நேரம் காத்திருந்தபின் சாரதி வண்டியை நகர்த்தினார் என்றும் சொல்லப்படுகிறது. அவரை நாம் குற்றஞ் சாட்டமுடியுமா? அந்த இருட்டிலே, அந்த மழையிலே, முழு முடிவையும் அந்த ஒரு மனிதனின் தலையிற் சுமத்திவிட்ட ஏற்பாட்டைத்தான் நாம் கேள்வி கேட்கவேண்டும்.

இனித் தரைவழிக்கு வருவோம். வீதிக்குத் தலைவனும் இல்லை, கைகாட்டியும் இல்லை. வெள்ளம் பாயும் பாலத்தின் முன்னே வந்து நிற்கும் ஒவ்வொரு சாரதியும் அந்தத் தனுஷ்கோடி வண்டியின் சாரதிதான். “முன்னே போன லொறி போய்விட்டதே” என்பதே அவன் கைகாட்டி.

அதிகாரிகள் இல்லை என்று நாம் சொல்லவில்லை. அதிகாரிகள் பலர் உண்டு. மழையையும் காற்றையும் முன்னறிவிப்பது வளிமண்டலவியல் திணைக்களம். ஆற்று வெள்ளத்தையும் குளங்களின் வான்கதவுகளையும் கவனிப்பது நீர்ப்பாசனத் திணைக்களம். மண்சரிவைக் குறித்து எச்சரிப்பது தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம். பெருவீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபையின் பொறுப்பு. அடுத்த தரத்து வீதிகள் மாகாணத் திணைக்களத்தின் பொறுப்பு. ஒழுங்கைகள் பிரதேச சபையின் பொறுப்பு. வாகனத்தை மறிப்பவர் பொலிசார். இவை அனைத்தையும் இணைப்பதற்கென்று 2005ஆம் ஆண்டின் சட்டத்தின்கீழ் அனர்த்த முகாமைத்துவ நிலையமும் இருக்கிறது. இத்தனை கண்கள் இருந்தும் வெள்ளம் மதகைக் கடக்கும் அந்த ஒரு மணி நேரத்தில் “இவ்வீதி மூடப்பட்டது” என்று சொல்லவேண்டிய வாய் எது என்று கேட்டால், பதில் உடனே வருவதில்லை.

2024ஆம் ஆண்டு நவம்பர் 26ஆம் திகதி அம்பாறை மாவட்டத்தில் காரைதீவுக்கு அருகே மாவடிப்பள்ளியில், வீதியை மூடிப் பாய்ந்த வெள்ளத்தைக் கடக்க முயன்ற உழவு இயந்திரப் பெட்டி அள்ளுண்டு போனது. அதில் வீடு நோக்கிச் சென்ற அரபுக் கல்லூரி மாணவர் பலர் உயிரிழந்தனர். தாழமுக்கம் பற்றியும் கடும் மழை பற்றியும் அறிவித்தல்கள் அதற்கு முன்னரே வந்திருந்தன. மறு ஆண்டு நவம்பர் 28ஆம் திகதி ‘டித்வா’ புயல் கிழக்குக் கரையைத் தாக்கி, நாடெங்கும் அறுநூறுக்கு மேற்பட்ட உயிர்களைப் பலிகொண்டது. அந்நாட்களிலே கலா ஓயாப் பாலத்தருகில் பயணிகள் பஸ் வண்டியொன்று வெள்ளத்தில் அகப்பட்டு, ஏறத்தாழ எழுபது பேர் வீட்டுக் கூரையொன்றில் நெடுநேரம் தவித்தபின் கடற்படையினரால் மீட்கப்பட்டனர். வானிலை அறிஞர் முன்னறிவித்த புயல்தான் அது. பயணமும் நடந்தது.

இங்கேதான் நம் கேள்வி எழுகிறது. அறிந்தவன் சொல்லிவிட்டால் அவன் கடமை முடிந்துவிடுமா?

எசேக்கியேல் ஆகமத்திலே காவலாளனைப் பற்றிய பகுதி வாசகர்கள் அறிந்ததே. வாள் வருவதைக் கண்டும் எக்காளம் ஊதாத காவலாளன் இரத்தப்பழிக்கு உத்தரவாதியாகிறான். ஊதியபின்னும் கேளாதவனுடைய பழி கேளாதவனையே சாரும். அந்தக் காவலாளன் ஒரே ஆள். அவன் கண்ணே கண்டது. அவன் வாயே ஊதியது. கேட்டவர்கள் மதிலுக்குள்ளே இருந்தவர்கள். நம் காலத்துக் காவலாளனோ துண்டு துண்டாகப் பிரிக்கப்பட்டிருக்கிறான். அவன் கண் கொழும்பிலே இருக்கிறது. எக்காளம் வேறொருவர் கையில். கோட்டைக் கதவின் திறவுகோல் இன்னொருவர் மடியில். ஒவ்வொருவரும் தம் பங்கைச் செய்துவிட்டதாகச் சொல்லலாம். அவ்வாறு சொல்வது உண்மையாகவும் இருக்கலாம். ஆயினும் கதவு திறந்தபடியே கிடக்கிறது.

அறநெறி நூல்கள் செய்யும் பாவத்தோடு செய்யாமல் விடும் பாவத்தையும் சொல்கின்றன. செய்யாமல் விட்டது குற்றமாகவேண்டுமானால், செய்யக்கூடிய ஆற்றலும் செய்யவேண்டிய கடமையும் ஒருவனிடம் இருந்திருக்கவேண்டும். ஆற்றலைப் பத்துப் பேருக்குப் பங்கிட்டுக் கடமையையும் பத்துப் பேருக்குப் பங்கிட்டால், குற்றமும் பத்துப் பங்காகி, எவர் மனச்சான்றையும் உறுத்தாத அளவுக்குச் சிறுத்துவிடுகிறது. இறந்தவனுடைய சாவு மாத்திரம் சிறுப்பதில்லை. ஆகவே, கடமையை எவர் தலையிலும் விழாதபடி சிதறவிடுவதே முதற் பிழை. அந்த ஏற்பாட்டைத் திருத்தும் வல்லமை உள்ளவர்கள் திருத்தாமல் விடுவதுதான் செய்யாமல் விடும் குற்றம்.

இன்னுமொரு நுட்பம் உண்டு. ‘100 மில்லிமீற்றருக்கு மேற்பட்ட மழை’ என்று வானொலியிற் கேட்கிறோம். அந்த அளவு பஸ் சாரதிக்கு என்ன சொல்கிறது? எந்த மதகு நிரம்பும், எந்தத் தரவை வீதியோடு ஒன்றாகும் என்பது வானிலை அறிஞருக்குத் தெரியாது. அது வீதிப் பொறியியலாளருக்கும், அதைவிட நன்றாக அந்த மதகடியிலே கடை வைத்திருப்பவருக்கும் தெரியும். அவர்களுக்கோ நாளை எவ்வளவு மழை பெய்யும் என்பது தெரியாது. ஆபத்து என்பது இவ்விரு அறிவும் சேருமிடத்தில்தான் புலப்படும். ஆகவே, இரு சாராரும் ஒரே மேசையில் அமர்வது வெறும் மரியாதை அல்ல. அமராதவரை இருவருமே உண்மையை அறியாதவர்கள். அறியக்கூடியதை அறிய முயலாதவனுடைய அறியாமையை அறநெறி மன்னிப்பதில்லை.

பனி கொட்டும் நாடுகள் இதைக் கற்றுக்கொண்டன. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் வீதித் திணைக்களம் தன் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு நிலையத்திலேயே வானிலை அறிஞரை அமர்த்தியிருக்கிறது. எந்த மணியிலே எந்த மலைப்பாதை உறையும் என்று பக்கத்திலிருந்தே சொல்லப்படுவதால் உப்புத் தூவும் வண்டிகள் நேரத்தோடு புறப்படுகின்றன. உலக வானிலை அமைப்பும், மழையின் அளவைச் சொல்வதோடு நில்லாமல் அம்மழை என்ன செய்யும் என்பதையும் சொல்லும்படி 2015ஆம் ஆண்டில் நாடுகளுக்கு வழிகாட்டியது. பனிக்கும் வெள்ளத்துக்கும் வேற்றுமை உண்டு. பாடத்துக்கு வேற்றுமை இல்லை.

இதற்கு எதிராக ஒரு நியாயமான வாதம் உண்டு. எச்சரிக்கை பொய்த்துப்போனால்? வீதியை மூடிய பின் மழை பெய்யாவிட்டால் நாட்கூலி இழந்தவனுக்கு யார் பதில் சொல்வது? சந்தைக்குப் போகாத மரக்கறி வாடாதா? இங்கிலாந்திலே 1861ஆம் ஆண்டு துறைமுகங்களிற் புயற் குறிகளை ஏற்றும் ஏற்பாட்டைத் தொடங்கிய அட்மிரல் பிட்ஸ்றோய் இதே ஏளனத்தைத்தான் சந்தித்தார். அவர் இறந்தபின் அந்த எச்சரிக்கைகள் நிறுத்தவும்பட்டன. ஆனால், கடலோடிகள் விடவில்லை. குறி மறுபடி ஏறியது. சில வேளை பொய்க்கும் குறியும் குறியே இல்லாத கம்பத்தைவிட மேலானது என்பதை உயிரைப் பணயம் வைத்தவர்கள் அறிந்திருந்தார்கள்.

ஆயினும் அந்த வாதத்தை நாம் தட்டிவிடலாகாது. பொய்த்த எச்சரிக்கையின் விலையை ஏழையே கொடுக்கிறான். மாதச் சம்பளக்காரருக்கு வீதி மூடிய நாள் ஓய்வு நாள். கூலிக்காரனுக்கு அது அடுப்பு எரியாத நாள். எனவே, வீதியை மூடும் அதிகாரத்தோடு, மூடப்பட்ட நாளிலே நோயாளிக்கு வழியும் கூலிக்காரனுக்கு உலருணவும் ஒழுங்கு செய்யும் கடமையும் சேர்ந்தே வரவேண்டும். நல்லெண்ணத்தோடு, வகுத்த விதிப்படி வீதியை மூடிய அலுவலர், மழை பெய்யவில்லை என்பதற்காகத் தண்டிக்கப்படவுங்கூடாது. பயந்த அலுவலர் எப்போதும் மேலிடத்துக் கட்டளைக்காகவே காத்திருப்பார். வெள்ளம் எவர் கட்டளைக்கும் காத்திருப்பதில்லை.

விதியை மழைக்கு முன்னரே வகுக்கவேண்டும் என்பதும் இதனாலேதான். கொட்டும் மழையிலே கூட்டம் கூடி விவாதிப்பது விவேகம் அன்று. இந்த மதகிலே இந்த அடையாளத்துக்கு மேல் நீர் ஏறினால் வீதி மூடப்படும், மூடுபவர் இன்னார், அவர் இல்லாவிட்டால் இன்னார், பஸ் வண்டிகள் திரும்பவேண்டிய இடம் இது என்று கோடையிலேயே எழுதி வைக்கவேண்டும். அது தமிழிலே, எளிய தமிழிலே, சாரதிக்கும் நடத்துநருக்கும் எட்டவேண்டும். 1970ஆம் ஆண்டுப் புயலிலே மூன்று இலட்சத்துக்குக் குறையாத மக்களை இழந்ததாகக் கணிக்கப்படும் வங்காள தேசம், அதன்பின் கிராமந்தோறும் தொண்டர்களைப் பயிற்றிக் கொடியும் ஒலிபெருக்கியும் கையிற் கொடுத்தது. பிற்காலப் புயல்களில் சாவு பன்மடங்கு குறைந்தது. அந்நாடு அப்போது செல்வத்திற் சிறந்த நாடன்று. யார் சொல்வது, யார் கேட்பது என்பதை முன்கூட்டியே தீர்த்துக்கொண்ட நாடு.

கடைசியாகப் பயணி. எல்லா எச்சரிக்கையும் வந்தபின்னும் “இன்றைக்கே கொழும்புக்குப் போகவேண்டும்” என்று சாரதியை நெருக்குகிறவர்கள் நாம்தாம். ஓட்டம் தவறினால் சம்பளத்தை வெட்டும் முதலாளியும் நம்மிலே ஒருவர்தான். ஒருவன் தன் உயிரைப் பணயம் வைக்கத் தனக்கு உரிமை உண்டென்று எண்ணினாலும், பின் ஆசனத்தில் உறங்கும் குழந்தையின் உயிரை வைக்க அவனுக்கு உரிமை இல்லை; அவனை மீட்கக் கயிற்றோடு வெள்ளத்தில் இறங்கும் இளைஞனின் உயிரை வைக்கவும் உரிமை இல்லை.

ஆகவே, மேற்சொன்ன கேள்விக்கு விடை இதுதான். அறிந்தவன் சொன்னால் போதாது. செய்யவல்லவன் அதைக் கேட்டான் என்பதை உறுதிசெய்யும்வரை சொன்னவன் கடமை முடிவதில்லை. செய்யவல்லவனும், தனக்குச் சொல்லப்படவில்லை என்று சொல்லித் தப்ப முடியாது. கேட்டறிவதும் அவன் தொழிலே.

ஐப்பசி முடிவதற்குள் ஒவ்வொரு பிரதேச செயலகத்திலும் ஒரு நாள் போதும். வானிலை நிலையத்தார், வீதிப் பொறியியலாளர், பொலிசார், பஸ் சங்கத்தார், கிராம அலுவலர் கூடி, நீர் தேங்கும் இடங்களை ஒரு தாளிலே எழுதி, ஒவ்வோர் இடத்துக்கும் எதிரே ஒரு பெயரை எழுதட்டும். அந்தத் தாளைக் கோவில், பள்ளிவாசல், தேவாலய வாசல்களிலும் பஸ் நிலையத்திலும் ஒட்டட்டும். பெயர் எழுதப்படாத இடம் ஏதேனும் இருந்தால், அந்த இடத்தைப் பற்றி இப்போதே கேட்பது நம் ஒவ்வொருவருடைய கடமை.