ஒரு நாள் என்பது எது?

ஒரகடத்துக்கு அருகே வடக்குப்பட்டில் என் நண்பர் ஒருவர் சிறு பட்டறை நடத்துகிறார். கார்களுக்கு உதிரிபாகம் செய்கிற பட்டறை. சம்பளக் கணக்குக்கு மென்பொருள் எழுத ஒரு பையனை வரவழைத்தார்.

"வந்தால் ஒரு நாள் சம்பளம், வராவிட்டால் கிடையாது. அவ்வளவுதான் தம்பி" என்றார்.

"சரிங்க சார்" என்றான் பையன். பக்கத்தில் காப்பி குடித்துக்கொண்டிருந்த நானும் தலையாட்டினேன்.

மாதக் கடைசியில் இராத்திரி ஷிப்டுக்காரர் ஒருவர் சம்பளச் சீட்டோடு வந்து நின்றார். உழைத்த ஏழு இரவுகளும் 'ஆப்சென்ட்'! அவர் இரவு 10 மணிக்கு வந்து காலை 6 மணிக்குப் போகிறவர். கம்ப்யூட்டருக்கோ நள்ளிரவோடு நாள் முடிந்துவிடுகிறது. வந்தது ஒரு தேதி, போனது மறு தேதி, இரண்டும் அரைகுறை. பஞ்சாங்கத்தில் சூரிய உதயத்தில்தான் நாள் பிறக்கிறது. தொழிலாளி பஞ்சாங்கத்தின் கட்சி!

நண்பரைக் குறை சொல்வதா? தினமும் கண்ணால் காண்பதை யார் வாய்விட்டுச் சொல்கிறார்கள்? 1999-இல் செவ்வாய்க்குப் போன நாஸாவின் விண்கலம்கூட, ஒரு குழு பவுண்டுக் கணக்கிலும் மற்றொரு குழு மெட்ரிக் கணக்கிலும் இருந்ததால் அழிந்துபோயிற்று.

பையன் பிறகு என்னிடம் சொன்னான்: "இராத்திரி வேலை உண்டா என்று கேட்க நினைத்தேன் சார். பெரியவர் அவசரத்தில் இருந்தார்."

இதுதான் என்னை உறுத்துகிறது. மரியாதை காட்டியவன் அவன். கூலி இழந்தவர் இன்னொருவர். அந்தச் 'சரி'யைப் பொய் என்று சொல்லவும் மனம் வரவில்லை. நானும் தலையாட்டியவன்தானே?

பிடித்த பணத்தை நண்பர் அன்றே கொடுத்துவிட்டார். பையன் ஓர் இரவு முழுவதும் பட்டறையில் உட்கார்ந்திருந்தான். "இரண்டு மணிக்கு டீ குடிக்க வெளியே போகிறீர்களே அண்ணே, அது வேலை நேரமா?" என்று அந்தத் தொழிலாளியைக் கேட்டானாம்.

"இதுவரை யாரும் கேட்டதில்லையே, தம்பி" என்றாராம் அவர்.