விதைமேல் பூசிய நஞ்சு

தீங்கு செய்தவனைத் தண்டிப்பது நீதி. தீங்கு செய்யக்கூடும் என்னும் ஐயத்தால், இன்னும் வந்து சேராத ஒருவனுக்காக வழியில் நஞ்சு வைப்பதை என்னவென்று சொல்வது? மக்காச்சோள விதையில் பூச்சிமருந்து பூசி விதைக்கும் வழக்கத்தை எண்ணும்போதெல்லாம் இவ்வினா எழுகிறது.

2008-ஆம் ஆண்டின் வசந்தத்தில் ஜெர்மனியின் மேல் ரைன் பள்ளத்தாக்கில் நிகழ்ந்ததைக் காண்போம். மக்காச்சோளத்தின் வேரைத் தின்னும் அமெரிக்க வண்டு ஒன்று ஐரோப்பாவில் பரவி, 2007-இல் அந்நாட்டிலும் தலைகாட்டியது. அதைத் தடுக்க, குளோதியானிடின் பூசிய விதைகளை உழவர்கள் விதைத்தனர். பூச்சு விதையோடு நன்கு ஒட்டவில்லை. காற்றால் இயங்கும் விதைப்புக் கருவிகள் உதிர்ந்த தூளை வெளியே ஊத, அண்டையில் பூத்திருந்த மலர்களில் அது படிந்தது. அம்மலர்களை நாடி வந்தவை தேனீக்கள். ஏறத்தாழ 700 பேருடைய, 11,000-க்கும் மேற்பட்ட தேனீக் கூட்டங்கள் பாதிக்கப்பட்டன. மே மாதத்திலேயே அரசு அவ்வகை மருந்துகளின் உரிமத்தை நிறுத்தி வைத்தது.

ஒரு விதைமேல் இருந்த மருந்து சுமார் 1.25 மில்லிகிராம். உட்கொண்ட தேனீக்களில் பாதியைக் கொல்லும் அளவோ, தேனீ ஒன்றுக்கு 4 நானோகிராம்தான். கணக்கிட்டுப் பார்த்தால், 3,00,000 தேனீக்களுக்கு ஒரே விதை போதும்!

இதில் குற்றவாளி யார்? உழவன் சட்டப்படி விற்றதையே வாங்கினான். தேனீயின்மேல் அவனுக்குப் பகையில்லை. அறியாமல் செய்த தீங்கு என்று விட்டுவிடலாமா? அறியாமை வேறு, அறிந்துகொள்ள அக்கறையின்மை வேறு. அம்மருந்து தேனீயைக் கொல்லும் என்பது முன்பே தெரிந்ததுதான். அது மண்ணுக்குள்ளேயே தங்கிவிடும் என்று எல்லாரும் நம்பினர். அத்தனை பேருடைய நம்பிக்கையும் ஒரு பசையை நம்பி நின்றது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அவ்வண்டின் முட்டைகள் சென்ற ஆண்டின் சோளக்கொல்லையிலேயே கிடந்து மறு ஆண்டு பொரிக்கின்றன. அங்கே வேறு பயிர் நின்றால் புழு பட்டினியால் மடியும். ஆண்டுதோறும் சோளத்தின்மேல் சோளம் விதைத்தவர்களே அதற்கு வீடு கட்டிக் கொடுத்தனர் எனலாம்.

ஆனால் நகரத்து மேசையிலிருந்து இதை எழுதுவது எளிது. 2018-இல் படைப்புழு தமிழகத்துக்கு வந்தபோது பெரம்பலூர், அரியலூர் மானாவாரி நிலங்களில் கடன் வாங்கி விதைத்தவர்கள் பட்டதை நாம் மறக்கலாகாது. இளநாற்றை முதல் சில வாரங்கள் காப்பதற்கு விதைநேர்த்தி உதவுகிறது. வயல் முழுதும் தெளிப்பதைவிட இதில் மருந்தின் அளவு குறைவு. தெளிப்பவன் நஞ்சை மூச்சிழுக்கும் கொடுமையும் இல்லை. இவ்வாதத்தை என்னால் எளிதில் தள்ளிவிட முடியவில்லை.

என்னை உறுத்துவது வேறு. தெளிப்பவன் புழுவைக் கண்டபின் தெளிக்கலாம், காணாவிட்டால் விட்டுவிடலாம். பூசிய விதையிலோ அம்முடிவு தொழிற்சாலையிலேயே எடுக்கப்பட்டுவிடுகிறது. புழு வரும் ஆண்டும் வராத ஆண்டும் ஒன்றே. பொட்டலத்தைப் பிரிப்பவனுக்குச் சிந்திக்க எதுவும் மிச்சமில்லை.

நம் பக்கத்தில் ரைன் நாட்டுக் கருவி இல்லாத இடங்களில் பெண்களே குனிந்து, பாருக்குப் பார் விதை ஊன்றுகிறார்கள். விதையின் சாயம் விரல்களில் ஏறிச் சிவக்கிறது. நண்பகலில் கஞ்சி குடிக்க அவர்கள் வரப்பேறும்போது, கை கழுவ ஒரு குடம் நீரும் ஒரு துண்டுச் சோப்பும் அங்கே வைத்திருக்கிறோமா?