மண்ணுக்குரிய பங்கு

நெளுக்குளத்தில் கோப்பித் தோட்டம் இல்லை. வன்னி வெயிலுக்கு உரியவை நெல்லும் உழுந்துமே. கோப்பியோ மலைநாட்டிலிருந்து தூளாக வந்து நம் அடுப்படியைச் சேர்கிறது. பழுத்த கோப்பிக் கனியின் எடையில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு தோலும் சதையுமாகும். கொட்டையைப் பிரித்தெடுத்தபின் அவை குவிந்து புளித்து நாறுகின்றன. ஓடையில் தள்ளினாலோ நீரின் ஒட்சிசன் குன்றி மீன்கள் மடிகின்றன. ஆயினும் மரம் மண்ணிடமிருந்து பெற்ற பொட்டாசியமும் நைதரசனும் அவற்றிலேதான் கிடக்கின்றன. அப்படியாயின் ஒரு பொருள் எப்போது கழிவாகிறது? அதன் பயனைத் துய்ப்பவனும் அதன் நாற்றத்தைச் சுமப்பவனும் வெவ்வேறு மனிதராகும்போது என்றே நாம் கருதுகிறோம்.

கோப்பித் தோலை மட்டும் குவித்தால் நல்ல எரு ஆகிவிடாது. ஈரம் மிகுந்து காற்றுப் புகாது அழுகும். வீட்டுக் காய்கறித் தோலும் சருகும் வைக்கோலும் சாணமும் இடையிடையே பரவவேண்டும். ஒரு பங்கு நைதரசனுக்கு 25 முதல் 30 பங்கு காபன் இருத்தல் நன்று. குவியலைப் புரட்டிக் காற்றூட்டினால் உள்வெப்பம் 55 பாகை செல்சியசைத் தாண்டும். களைவிதைகளும் நோய்க்கிருமிகளும் பெரும்பாலும் அழியும். முளைப்பைத் தடுக்கும் கஃபீனும் நாளடைவில் சிதையும். அல்பேர்ட் ஹவார்ட் என்னும் ஆங்கிலேய அறிஞர் 1924 முதல் 1931 வரை இந்தூரில் பணிபுரிந்து இம்முறையை ஒழுங்குபடுத்தினார். 1933இல் கென்யாவின் கோப்பித் தோட்டமொன்று அதனை மேற்கொண்டது. தமக்கு ஆசான்கள் இந்திய உழவர்களே என்று சொல்ல அவர் தயங்கவில்லை. (அவர் பெயர் நூல்களில் நிலைத்தது, அவ்வுழவர்களின் பெயர்களை எந்த நூலிலும் காணோம்.)

இந்நாட்டுக் கோப்பியின் வரலாறோ வேறு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மலைக்காடுகளை அழித்துத் தோட்டங்கள் எழுந்தன. அவற்றில் உழைக்கத் தமிழகத்திலிருந்து வந்தோர் மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டுவழியே மாத்தளைக்கு நடந்தனர். வழியிலேயே மாண்டோர் பலர். 1869இல் இலைத்துரு நோய் தோன்றியது. சில ஆண்டுகளில் கோப்பி வீழ்ந்தது. முதலாளிகள் தேயிலைக்கு மாறினர். தொழிலாளி லயத்திலேயே கிடந்தான். 1977 வன்செயலுக்குப்பின் அவன் வழித்தோன்றல்களிற் பலர் வவுனியா மண்ணில் வந்து குடியேறினர். முதலாளித்துவ வேளாண்மை உழைப்பாளியையும் மண்ணையும் ஒருசேரக் கொள்ளையிடுகிறது என்று மார்க்ஸ் 1867இல் எழுதியதற்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டுமோ?

எனினும், எருவின் பெருமை பேசுவோர் 2021ஐ மறத்தல் ஆகாது. அவ்வாண்டு மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதியை அரசு தடைசெய்தது. நவம்பரில் தடையை விலக்கிக்கொண்டது. எரு பழுக்க மாதங்கள் வேண்டும். அரசாணை கண்டு குவியல் சூடேறுவதில்லை. இடைப்பட்ட காலத்தில் நட்டமடைந்தவன் கமக்காரனே. நல்ல கொள்கையையும் எளியவன் தலையில் ஏற்றிவைத்தால் அது தண்டனையாகிவிடுகிறது.

நகரக் குப்பையின் கதையும் அத்தகையதே. 2017 ஏப்ரல் 14ஆம் நாள், புத்தாண்டன்று, கொழும்பு மீதொட்டமுல்லையில் குப்பைமலை சரிந்து முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதன் அடியில் வாழ்ந்தோர் வறியவர். வீடுதோறும் உக்கும் பொருளைப் பிரித்துவைத்திருந்தால் அம்மலையின் பெரும்பகுதி மண்ணுக்குத் திரும்பியிருக்கும். சோற்றையும் பொலித்தீனையும் உடைந்த கண்ணாடியையும் ஒரே பையிற் கட்டி வாசலில் வைக்கும்போது, அவற்றைப் பிரிக்கும் வேலையை இன்னொருவர் கையிடம் நாம் ஒப்படைக்கிறோம். அந்தக் கை பெரும்பாலும் எந்தச் சாதியாருடையது என்பதும் நமக்குத் தெரியாததன்று.

அடுக்களை வாளியொன்றினால் அனைத்தும் தீர்ந்துவிடும் என்று சொல்ல நாம் முன்வரவில்லை. மலைநாட்டுக் கோப்பித் தோலை வன்னிக்கு ஏற்றிவருவதும் பேதைமை. இன்று இந்நாட்டுக் கோப்பியின் பெரும்பகுதி சிறு வீட்டுத் தோட்டங்களில் விளைகிறது. தோலும் அவ்வூர்க் குப்பையும் அங்கேயே எருவாகி அச்சிறு நிலங்களுக்கே மீளவேண்டும். அதற்கான கூலியைத் தூளை விற்று இலாபம் காண்பவரும், நெளுக்குளத்தில் அமர்ந்து அதைப் பருகும் நாமும் விலையோடு சேர்த்துக் கொடுக்கவேண்டும். வாளியை நிரப்பும் இல்லத்தரசியிடம் மாத்திரம் அக்கணக்கைக் கேட்பதற்கு எவருக்கும் உரிமை இல்லை.